பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பண்டமாரானுக்கு: பத்து மாதம் தள்ளிப்போட்ட இருபத்தைந்து மைல்

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கும் அங்கிருந்து பண்டமாரானுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பினேன். ரயிலில் இருபத்தொரு மைல், மாட்டு வண்டியில் ஏறக்குறைய நாலு மைல். பெரிய பயணம் ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தச் சின்னப் பயணத்தை நான் பத்து மாதம் தள்ளிப்போட்டேன். ஏன் தள்ளிப்போட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ரயில் நேரமும் வண்டிக் கூலியும் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்கள் மற்றதைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

கிளம்பக் காரணம் ஒரு கடிதம். எழுதியவன் வடிவேலு. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் என்னோடு ஒன்றரை வருஷம் இருந்தவன். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. என்னைவிட எட்டு வயது சின்னவன், வாய்க்கு வாய் அண்ணே என்பான். கால் இரண்டும் முடங்கி, நின்று செய்கிற அந்த வேலையும் போய், பதிமூன்று மாதமாகப் பண்டமாரானில் அக்காள் வீட்டில் இருக்கிறான். கடிதத்தில் நாலே வரி. கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறேன், மறுபடி குந்தி எழுந்து பஸ்கி போடலாமா, நாளைக்கு எத்தனை என்று எழுதுங்கள், உங்கள் தேகப்பயிற்சி விதி எதையும் மறக்கவில்லை.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அவன் காலைக் கெடுத்ததே என் விதிகள்தான். அது எனக்குப் பத்து மாதத்துக்கு முன்பே தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரிந்த நான் ஒரு வரி எழுதவில்லை. இனியும் எழுதாமல் இருந்தால் அவன் பஸ்கி போட ஆரம்பித்துவிடுவான் என்ற பயம் வந்த பிறகுதான் எனக்குச் சூடு சொரணை வந்தது. அவனிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, என்ன தப்பு நடந்தது என்பது. இன்னொன்றை அது வருகிற இடத்தில் சொல்கிறேன், இப்போதே எழுதக் கை கூசுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஒரு துணிப்பை நிறையப் பச்சைப்பயறு வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஐந்தேமுக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், பதினைந்து நிமிஷம். கிள்ளான் ரயில் ஆறரைக்கு. மூன்றாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து காசு. நான் ரயில்வே சாமான் கிடங்கில் கணக்கு எழுதுகிற கிராணி, எனக்குப் பாஸ் உண்டு, ஆனால் அன்றைக்குக் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினேன். சொந்தத் தப்புக்குப் போகிறவனுக்கு ஓசிப் பயணம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது. போகிறவர்கள் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலை வெயில் அந்தப் பக்கம் அவ்வளவாக உறைக்காது.

வண்டி நகர்ந்ததும் எதிர்ப் பலகையில் ஒரு சீனத்தி இரண்டு கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள். பேச்சுத் துணை இல்லை. பேச்சுத் துணை இல்லாவிட்டால் மனசு சும்மா இருக்குமா? பழசெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

எனக்கு முப்பதாவது வயதில் தேகப்பயிற்சிப் பைத்தியம் பிடித்தது. பிடித்தால் அடக்கமாக இருக்கிற ஆள் இல்லை நான். தெருவில் எவனைப் பார்த்தாலும் அவன் தொப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். எங்கேயோ கிடைத்த இங்கிலீஷ் துண்டுப் பிரசுரங்களைப் படித்துவிட்டு, மெஸ் சுவரில் ஒரு பெரிய காகிதத்தில் விதிகளை எழுதி ஒட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏரித் தோட்டம் வரை வேக நடை. வந்ததும் தண்டால் ஐம்பது, பஸ்கி நூறு. பகலில் படுக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் விடுப்புக் கிடையாது. முடியவில்லை என்று உடம்பு சொல்லாது, சோம்பேறி மனசுதான் சொல்லும், அதற்குக் காது கொடுக்காதே. இந்தக் கடைசி விதியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அத்தனை திமிர்.

சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. அதுவரை மெஸ்ஸில் புழுங்கல் அரிசி. பழுப்பு நிறம், வேகும்போது ஒரு வாசனை வரும். தோட்டத்துக் கூலி ஆட்களுக்குப் படி அளக்கிற அரிசி அது என்று எனக்கு ஓர் இளப்பம். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன், கூலிகள் குடியிருக்கிற லயத்துச் சோற்றைத் தின்பதா? சயாமிலிருந்து வருகிற, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிக்கு மாற்றினேன். அழுக்குப் போன சுத்தமான உணவு என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். சமையல்காரரிடம் மூன்று தண்ணீர் கழுவச் சொன்னேன், வடித்த கஞ்சியைக் கொட்டச் சொன்னேன். பருப்பு வாயு என்று அதை நிறுத்தினேன். ரசம், ஒரு காய், மோர், அவ்வளவுதான். வெளியில் ஒரு கடலை கூட வாங்கித் தின்னக் கூடாது, நாக்கைக் கட்டினால்தான் உடம்பைக் கட்டலாம் என்றேன். மற்ற இருவரும் ஒரே மாதத்தில் கும்பிடு போட்டுவிட்டு வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், பிழைத்தார்கள். வடிவேலு மட்டும் இருந்தான்.

அவன் தோட்டத்தில் பிறந்தவன். பிறந்தது முதல் புழுங்கல் சோறுதான் தின்றிருக்கிறான். எழுதப் படிக்கக் கற்று வேலைக்கு வந்தவன் என்பதால், எதைச் செய்தால் கிராணி மாதிரி ஆகலாம் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்தான். ஆறு மாதத்தில் பாதம் மரத்துப் போகிறது என்றான். காலையில் இன்னும் ஒரு சுற்று நட, ரத்தம் ஓடும் என்றேன். கெண்டைக்கால் வலிக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான். பஸ்கியை நூற்றிலிருந்து நூற்றைம்பது ஆக்கினேன். ஒரு நாள் காலை குந்தியவன் எழுந்திருக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். எழுந்திரு, நடிக்காதே என்று சொன்னேன். ஆமாம், அதே வார்த்தையைத்தான் சொன்னேன். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த மாதம் அவனுடைய அத்தான் வந்து, ரிக்‌ஷாவில் தூக்கி வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்.

வழியில் பத்து தீகா என்கிற ஸ்டேஷனில் வண்டி ஏழு நிமிஷம் நிற்கும். கீழே இறங்கிக் காப்பி குடிக்க நேரம் இருக்கிறது, ஒரு குவளை இரண்டு காசு, சூடு மட்டும் உத்தரவாதம். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் புதிதாக வைத்த ரப்பர்க் கன்றுகள், நடுநடுவே பழைய காப்பித் தோட்டங்கள். சீனத்தி விழித்து எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வடிவேலு போன மூன்றாவது மாதம், பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெசராக இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவன் கதையைச் சொன்னேன். மனத்திடம் இல்லாத பையன் என்று அப்போதும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தப் பொடியன் என்ன அரிசி சாப்பிட்டவன்?" என்றார். சொன்னேன். "பருப்பு?" நிறுத்திவிட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது பெரிபெரி. எங்கட வார்டில் கட்டில் கட்டிலாகக் கிடக்கினம். தீட்டின அரிசியையே தின்னுறவைக்குத்தான் வருகுது எண்டு இப்ப சொல்லுகினம். புழுங்கலும் பயறும் குடுத்துப் படுக்க வைக்க வேண்டிய ஆளை நீர் ஓட விட்டிருக்கிறீர். நெஞ்சு நிண்டு போகாமல் தப்பினதே பெரிய காரியம். உடனே எழுதிப் போடும்" என்றார்.

உடனே எழுதிப் போடவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். அவன் என்னைக் குரு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தான், அந்த நினைப்பு எனக்கு இனித்தது, இதுதான் உண்மை. அடுத்த வாரம், அடுத்த சம்பளம், அடுத்த பண்டிகை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே பத்து மாதம் ஓட்டினேன். அவன் அங்கே எந்த அரிசியைத் தின்கிறான் என்று கேட்டு ஒரு கார்டு கூடப் போடவில்லை. இதை எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏழு நாற்பதுக்குக் கிள்ளான். ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாவும் இருக்கும், மாட்டு வண்டியும் இருக்கும். பண்டமாரானுக்கு ரிக்‌ஷா அறுபது காசு கேட்பார்கள், முக்கால் மணி நேரம். மாட்டு வண்டி இருபத்தைந்து காசு, ஒன்றேகால் மணி நேரம், இடுப்பு கழன்றுவிடும். அவசரத்துக்கு ரிக்‌ஷாவே பார்ப்போம் என்று ஒரு சீனரிடம் போனேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே பளபளவென்று வீங்கியிருந்தது. கூலியைப் பேசி முடித்துக்கொண்டு எழுந்திருக்க இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மாட்டு வண்டிப் பக்கம் வந்தேன்.

வண்டிக்காரர் தமிழர், நாற்பது வயதிருக்கும், வெற்றிலை வாய். "வாங்க கிராணி ஐயா. நல்ல வேள ஏறல. அந்த ஆளு பாதி வழியில உக்காந்துடுவான், அப்புறம் நீங்கதான் இழுக்கணும்" என்றார்.

"அவர் காலுக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும்லா. இந்த மாதிரி காலு இங்க நெறைய. வெறும் வெள்ளச் சோறு, ஒரு துண்டு உப்பு மீனு, அவ்வளவுதான் திங்கிறானுங்க பாவம். எங்க லயத்துல எல்லாம் புழுங்கலு. ஒருத்தனுக்கும் இப்படி வந்து நான் பாத்ததில்ல." அவர் மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "நீங்க படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும் ஏன்னு."

நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் மணி நேரம் கழித்து, "என்னா ஐயா, எழவு வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்டார். இல்லை, தெரிந்தவர் வீட்டுக்கு என்றேன். அப்புறம் அவர் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தார். பாதையில் முதல் இரண்டு மைல் செம்மண், பரவாயில்லை. அதற்கப்புறம் சதுப்பு நிலம், மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும். காலில் செருப்போடு போகாதீர்கள், நான் ஒரு செருப்பு வாரைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதேகாலுக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், வாசலில் மரவள்ளிச் செடி. அத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஞாயிறும் வேலைக்குப் போயிருந்தார். அக்காள் அஞ்சலை வாசலில் முறம் வைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். "நீங்கதானா அந்த அண்ணன்" என்று எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வடிவேலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். முகம் தெளிவாக இருந்தது, கால்தான் மெலிந்து கிடந்தது. பாதத்தைச் சற்று உயரத் தூக்கித் தூக்கி வைத்தான். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு கையை நிலையிலிருந்து எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே போனதும் நான் கண்ட முதல் பொருள், சுவரில் ஒட்டிய காகிதம். என் விதிகளைத் தன் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தான். கடைசி விதியின் கீழே சிவப்பு மை கிடைக்காமல் குங்குமத்தில் கோடு இழுத்திருந்தான்.

"பாருங்க அண்ணே, ஒண்ணு போட்டுக் காட்டறேன்" என்று, நான் தடுப்பதற்குள் குந்தினான். எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தரையில் ஊன்றி, பெஞ்சைப் பிடித்து, முகம் வேர்த்துப் போய் எழுந்தான். "இன்னும் கொஞ்சம் மனசுல திடம் பத்தல" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது" என்றான்.

"என்ன தப்பு?"

"இங்க வந்ததிலேருந்து புழுங்கல் அரிசிதான் சாப்பிட்டேன். அத்தான் கூலிக்கு வெள்ளரிசி கட்டுப்படியாகல. அக்கா பருப்பும் போட்டுடுது. வேண்டாம்னு சொன்னா அழுவுது. உங்க விதிய மீறிட்டேன். மன்னிச்சுக்குங்க. இப்ப உக்காந்து கூடை முடையறேன், கையில கொஞ்சம் வருது. நேத்துதான் ஒரு மூட்ட சயாம் அரிசி வாங்கிட்டேன். நாளைக்குத் திங்கக்கெழம, நாளையிலேருந்து சரியா ஆரம்பிச்சுடறேன். அக்கா புள்ளைங்களுக்கும் அதையே குடுக்கலாம்னு இருக்கேன்."

மூலையில் மூட்டை இருந்தது. வாய் இன்னும் தைத்தபடியே இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவனைப் பிழைக்க வைத்த சோற்றுக்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவன் கடிதம் இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"மூட்டையைப் பிரிக்காதே. அந்த அரிசிதான் உன் காலை எடுத்தது" என்றேன். டிரெசர் சொன்னது முழுவதையும் சொன்னேன். படுக்க வைக்க வேண்டியவனை ஓடவிட்டேன் என்று சொன்னேன். பத்து மாதமாக எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அஞ்சலை முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

வடிவேலு நம்பவில்லை. என்னைப் பார்த்து, பெரியவர்கள் விளையாட்டுக்குச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பதுபோல் சிரித்தான். "நீங்களும் அதே அரிசிதானே அண்ணே சாப்பிட்டீங்க. அதே ரசம், அதே மோரு. என்னவிட பஸ்கி அதிகமாப் போட்டீங்க. உங்களுக்கு ஏன் ஒண்ணும் வரல? எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

இதுதான் நான் சொல்லக் கூசிய இரண்டாவது. இதைச் சொல்லாவிட்டால் அவன் நாளைக்கு மூட்டையைப் பிரிப்பான். சொன்னேன்.

"நான் வெளியில சாப்பிட்டேன் வடிவேலு."

"எப்ப?"

"தினமும். பத்து மணிக்கு ஆபீஸ்லேருந்து எழுந்து வந்து. கிடங்குக்குப் பின்னால ஒரு மரத்தடிக் கடை. உளுந்து வடை, அவிச்ச கடலை, சில நாள் புழுங்கலரிசித் தோசை. மெஸ் சோறு எனக்குப் பத்தல. அதனாலதான் எனக்கு வரல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் தன் காலைப் பார்த்தான், கெண்டைக்காலை ஒரு கையால் தடவிப் பார்த்தான்.

"அப்ப நான் சோம்பேறி இல்லயா அண்ணே?" என்றான்.

அஞ்சலைதான் பேசினாள். என்னிடம்தான் பேசினாள், முகத்தை மட்டும் தம்பி பக்கம் வைத்திருந்தாள். "வந்த புதுசுல மூணு மாசம் சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தான் ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போவலாம் வாடான்னு நானும் அவரும் கெஞ்சினோம். எனக்கு நோயில்லக்கா, மனசுதான் சரியில்ல, ஆஸ்பத்திரிக்காரங்க சிரிப்பாங்கன்னு சொல்லிட்டான். இந்தக் காயிதத்த எழுதி ஒட்டி அதையே பாத்துக்கிட்டு இருப்பான்." போய்க் காகிதத்தைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தாள். நான் அழுதேன். முப்பத்து மூன்று வயது ஆள், இன்னொருவர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு போட்டாள். போடுவாள் என்று நான் நினைக்கவில்லை. புழுங்கல் சோறு, நான் கொண்டுபோன பயற்றிலேயே குழம்பு, முருங்கைக் கீரை, கருவாடு. வெள்ளை அரிசி மூட்டையை என்ன செய்வது என்று அவளே முடிவு செய்தாள். கடைக்காரர் திருப்பி எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் பண்டிகைக்குப் பயறு போட்டுப் பொங்கலாக வைத்துத் தீர்த்துவிடலாம் என்றாள். வடிவேலு நன்றாகச் சாப்பிட்டான். மூன்றாவது தடவை குழம்பு கேட்டான். பதிமூன்று மாதமாகத் தப்புச் செய்கிற நினைப்போடு தின்ற சோற்றை அன்றைக்குத்தான் தைரியமாகத் தின்கிறான் என்று எனக்குப் பட்டது.

பஸ்கியைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம், வாசலில் மரவள்ளிச் செடி வரை நட, களைத்தால் உட்கார், பகலில் ஒரு மணி நேரம் படு, அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் காட்டுவோம், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினான். முன்பெல்லாம் நான் எதைச் சொன்னாலும் "சரிங்கண்ணே" என்று உடனே வரும். அன்றைக்கு, "டிரெசர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கலாம்" என்றான். நியாயம்தானே.

காலையில் சொல்லிவைத்தபடி இரண்டரைக்கு வண்டிக்காரர் திரும்பி வந்தார். வடிவேலு வண்டி வரை பிடித்துப் பிடித்து நடந்து வந்தான். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தக் கடைக்கு," என்றான், "ஒரு நாளாவது என்னையும் கூப்பிட்டிருக்கலாம் அண்ணே."

குரலில் கோபம் இல்லை. அவன் உள்ளே போகும் வரை வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானிலிருந்து திரும்பும் ரயில் நாலரைக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஐந்து நாற்பதுக்கு வந்துவிடும். அடுத்த வண்டிக்கு நிற்காதீர்கள், கூட்டம் அதிகம். பண்டமாரான் போகிறவர்கள் குடை, குடிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி ஒன்று கொண்டுபோங்கள். மாட்டு வண்டிக்காரரிடம் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது காசு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் அவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து கூட்டிப் போவார். கோவில் திருவிழா நாட்களில் போகாதீர்கள், வண்டி கிடைக்காது.

பயணம் போகாமல் உடம்பை மட்டும் தேற்ற நினைக்கிறவர்களுக்கும் சில சொல்லவேண்டும், யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். பயிற்சி செய்யுங்கள், நானும் விடவில்லை. ஆனால் நாளைக்கும் செய்ய முடிகிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். இப்போது நான் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன், பஸ்கி இருபது, வாரத்தில் இரண்டு நாள் ஒன்றும் கிடையாது. அரிசி பழுப்பாக இருந்தால் கௌரவம் குறையாது. பருப்பு, பயறு, கீரை, இவற்றை வாயு என்றும் சூடு என்றும் சொல்லித் தள்ளாதீர்கள். பாதம் மரத்தாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, குந்தி எழ முடியாவிட்டாலோ, நடந்து சரியாக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடியவில்லை என்று உடம்பு சொன்னால் நம்புங்கள். மனத்திடம் நல்லதுதான், அதைக் கொண்டு இன்னொருவனை அடிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். கால் முழுக்கத் தேறுமா என்று டிரெசரால் சொல்ல முடியவில்லை. தேறலாம், பாதியோடு நிற்கவும் நிற்கலாம், ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன் என்றார். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. வடிவேலுவைக் கூட்டிக்கொண்டு அந்த மரத்தடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரே ஓர் இலையை எடுத்துப் போட்டார். இன்னொன்று போடுங்கள் என்றேன்.